நூற்று நாற்பத்திரண்டு கிராம்

கண்ணாடியில் படிந்திருந்த பனி மெல்ல விலகி, உள்ளே அவர் முகம் தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். "இப்பதான் முகம் நல்லா தெரியுது" என்று ஒருத்தி விசும்பினாள். மற்றவர்களும் சேர்ந்து அழுதார்கள். அவர் மனைவி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

காலையிலிருந்து கணவரின் தலைமாட்டை விட்டு அசையாதவள் சட்டென்று எழுந்ததும் இரண்டு பேர் ஓடிவந்து தோளைப் பிடித்தார்கள். மயக்கம் என்று நினைத்து ஒருத்தி தண்ணீருக்குக் குரல் கொடுத்தாள். அவள் அந்தக் கைகளை விலக்கிக்கொண்டு, உடலை வைத்திருந்த குளிர்பெட்டியின் கால்மாட்டுக்குப் போய்க் குந்தினாள். கம்ப்ரசர் அங்கேதான் இருந்தது. காற்றுக்காக வைத்திருந்த கம்பிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு உள்ளே கையை நுழைத்து, குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

சுட வேண்டிய குழாய் சுடவில்லை. குளிர வேண்டிய குழாய் குளிரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கேஸை வடிகட்டுகிற, கட்டைவிரல் பருமனான செப்பு பில்டர் மட்டும் ஒரு முனையில் வெதுவெதுப்பாகவும் மறுமுனையில் சில்லென்றும் இருந்தது. அடைப்பு. அவள் சந்தேகப்பட்டது அதுதான். கம்ப்ரசர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது, முதலாளி வரும்போது மட்டும் பரபரக்கிற ஆளைப்போல. சத்தத்துக்குக் குறைவில்லை.

முப்பத்திரண்டு வருடம் ஒரு ஏசி, பிரிட்ஜ் மெக்கானிக்கோடு குடும்பம் நடத்தியவள் அவள். முதல் பத்து வருடம் அவருக்கு டார்ச் பிடித்தாள். அதற்குப் பிறகு ஸ்பேனரே பிடித்தாள். கண்ணாடியில் பனி நின்றால் உள்ளே குளிர் இருக்கிறது என்று பொருள், பனி போனால் குளிரும் போகிறது என்று பொருள். இதை அழுதுகொண்டிருப்பவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணி, என்ன பண்றீங்க? வந்து உட்காருங்க" என்றார் கொழுந்தனார். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நேற்று மாலை அண்ணன் ரேடியோ கேட்டபடியே நாற்காலியில் கண்மூடிய நிமிடத்திலிருந்து இந்த வீட்டில் எல்லாமே அவர் கைக்கடிகாரப்படிதான் நடந்துகொண்டிருந்தது.

"பெட்டி குளிரலை தம்பி."

"ஓடுற சத்தம் கேக்குதே."

"சத்தம் மட்டும்தான் கேக்குது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பத்து. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மகன் இரண்டு விமானம் மாறி வந்துகொண்டிருந்தான். நாலரைக்கு இறங்கி, வீடு வந்து சேர ஆறாகிவிடும். நாலு வருடமாக அப்பாவைப் பார்க்காதவன். நேற்றுப் போனில் அவன் அழவில்லை. "அம்மா, நான் வர்ற வரைக்கும் அப்பாவ வெச்சிருங்க" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "வெச்சிருப்போம். நீ பதறாம வா" என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். இந்த வெயிலில், குளிராத பெட்டியில், ஆறு மணிவரை அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது?

கொழுந்தனார் பெட்டியை வாடகைக்குக் கொடுத்தவருக்குப் போன் போட்டார். வேறு பெட்டி இல்லை, மற்ற இரண்டும் வேறு வேறு வீடுகளில் இருக்கின்றன என்று பதில் வந்தது. நானே வந்து சரி பண்ணித் தருகிறேன் என்றார் பெட்டிக்காரர். மகள் இதற்குள் தெருமுனை மீன்கடைக்கு ஓடிப்போய் ஐஸ் கேட்டுவிட்டு வந்தாள். மீன்கடைக்காரர் இவர்களுடைய பழைய வாடிக்கையாளர். கடையைச் சாத்திவிட்டு வருவதாகச் சொன்னாராம்.

பெட்டிக்காரர் இரண்டு மணிக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வியர்வையோடு உள்ளே நுழைந்து, இறந்தவரை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக வேலைக்கு உட்கார்ந்தார். கை வைத்த உடனே கண்டுபிடித்துவிட்டார். ஆள் கெட்டிக்காரர்தான்.

"பில்டர் அடைச்சிருக்கு. மாத்திட்டு கேஸ் ஏத்திட்டா போதும். இருபது நிமிஷம்" என்றார்.

கூடத்தில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பெட்டிக்காரர் பையிலிருந்து குழாய் வெட்டும் கருவியை எடுத்தார்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அவள்.

"என்னம்மா?"

"உள்ள இருக்கிற கேஸ எங்க விடப்போறீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். "எங்க விடறது... காத்துலதான். வாசனை ஒண்ணும் வராதும்மா, பயப்படாதீங்க."

கொழுந்தனார் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊரிலிருக்கிற அத்தனை மெக்கானிக்குக்கும் தெரிந்த விஷயம்தான் அது. இறந்துபோனவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தராசு' என்றால்தான் தெரியும். பழுதான மெஷினைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் கேஸை ஒரு சிலிண்டரில் பிடித்து, தராசில் நிறுத்து, எவ்வளவு என்று எழுதி அட்டை கட்டி, சேகரிப்பு மையத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பவர் என்பதால் வந்த பேர். மற்ற மெக்கானிக்குகள் குழாயை வெட்டி, புஸ்ஸென்று விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களை 'புஸ்ஸு பார்ட்டி' என்பார் அவர். அவர் மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுக்காமல் போன வாடிக்கையாளர்கள் எத்தனையோ பேர். நூற்றைம்பது கிராம் கேஸை மேலே விட்டால், பூமியைச் சூடாக்குவதில் அது ஒரு கார் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற புகைக்குச் சமம் என்று அவர்களுக்கும் பொறுமையாகச் சொல்லி அனுப்புவார். அவர்கள் காரிலேயே ஏறிப் போய்விடுவார்கள்.

"பின்னாடி ரூம்ல எங்க மெஷின் இருக்கு. கேஸ அதுல பிடிச்சுட்டு அப்புறம் வெட்டுங்க" என்றாள் அவள்.

பெட்டிக்காரர் பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா, இதுல மொத்தமே நூத்தம்பது கிராம்தான். நான் எத்தனையோ வீட்டுல இப்படித்தான் பண்ணியிருக்கேன். நீங்க சொல்ற மாதிரி செஞ்சா ரெண்டு மணி நேரம் ஆகும். அப்புறம் உள்ள குளிர் ஏற வேற நேரம் வேணும். யோசிச்சுக்குங்க."

"அண்ணி" என்றார் கொழுந்தனார். குரலை அடக்கிக்கொண்டார். "அண்ணன் உயிரோட இருந்த வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலை. இன்னிக்கு ஒரு நாளாவது இத விடுங்க. பையன் வந்து எப்படி முகம் பாப்பான்?"

மகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளுக்கு அந்த மெஷின் மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. பள்ளியில் அவள் பரிசு வாங்கிய அன்று, ஏதோ ஒரு ஹோட்டல் குளிர்சாதனத்திலிருந்து கேஸ் பிடித்துக்கொண்டிருந்து, எல்லோரும் நாற்காலிகளை அடுக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார் அப்பா. "எங்க வீட்டுல மூத்த பிள்ளை அந்த மெஷின்தான். நானும் அண்ணனும் அதுக்கு அப்புறம்" என்று இன்றுவரை சொல்லிக்காட்டுவாள்.

"அம்மா. அண்ணனுக்காக" என்றாள் மகள்.

விட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. மற்றவர்கள் நினைப்பதுபோல் அவள் ஒன்றும் அவரைப்போல் பிடிவாதக்காரி இல்லை. இந்த விஷயத்தில் அவரோடு அதிகம் சண்டை போட்டவளே அவள்தான். "உலகத்துல இருக்கிற எல்லாரும் விடறாங்க, நீங்க ஒரு ஆள் பிடிச்சு என்ன ஆகப்போகுது" என்று எத்தனை தரம் கேட்டிருப்பாள். "நான் பிடிச்சது மேல போகலைல்ல?" என்பார். அதற்குமேல் அவரிடம் வாதமே கிடையாது. எரிச்சலாக வரும்.

வாசலில் ஆள் அரவம் கேட்டது. மீன்கடைக்காரர் தள்ளுவண்டியில் நாலு பெட்டி ஐஸோடு வந்து நின்றார். பெரிய உருவம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "புது ஐஸ்தான் தங்கச்சி. மீன் படாதது" என்றார்.

அவரைப் பார்த்ததும் அவளுக்கு அந்தக் கடைச் சுவர் நினைவுக்கு வந்தது.

பதினொரு வருடத்துக்கு முந்தைய கதை. கணவர் அறுவைசிகிச்சை முடிந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். மீன்கடை ப்ரீசர் நின்றுவிட்டதென்று ஆள் வந்தது. அவள் தனியாகப் போனாள். கேஸ் பிடிக்கிற மெஷின் அப்போது பெரியது, இரண்டு பேர் தூக்க வேண்டும். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். கடையில் மீன் உருகிக்கொண்டிருந்தது, வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவள் நட்டைத் தளர்த்தினாள். புஸ். அரைக் கிலோ இருக்கும். ஐந்து நிமிடத்தில் காலி. மாலையில் மருத்துவமனையில் அவர் கேட்டார், எவ்வளவு பிடிச்சே என்று. "உள்ள கேஸே இல்லைங்க. எல்லாம் லீக் ஆகியிருக்கு" என்றாள். "சரி" என்றார் அவர்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கோளாறுக்காக இருவரும் அதே கடைக்குப் போனார்கள். ப்ரீசரை நகர்த்தினால், பின்னால் வெள்ளைச் சுவரில் மஞ்சளாக எண்ணெய்க் கறை, விசிறியை விரித்து வைத்ததுபோல். கேஸ் வேகமாக வெளியேறும்போது கம்ப்ரசர் எண்ணெயையும் கொஞ்சம் வாரிக்கொண்டு போகும். லீக் என்றால் அப்படி அடித்திருக்காது. அவள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கறையைப் பார்த்தார். பிறகு சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, துணியை நனைத்து, அதைத் துடைக்க ஆரம்பித்தார். மூலையெல்லாம் விடாமல் துடைத்தார். "டார்ச்ச கொஞ்சம் இறக்கிப் பிடி" என்று மட்டும் சொன்னார்.

வேலை முடிந்த இடத்தை எப்போதுமே துடைத்துவிட்டு வருகிற மனிதர் அவர். அதனால் தெரிந்து துடைத்தாரா, தெரியாமல் துடைத்தாரா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. பதினொரு வருடமாக அதைச் சொல்லாமலே வைத்திருந்தாள். நேற்று மாலை நாலு மணிக்கு மேல் அதைச் சொல்வதற்கும் ஆளில்லை.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அண்ணே, ஐஸ சின்னச் சின்னப் பையில போட்டு ரெண்டு பக்கமும் வைங்க. மூடிய ஒரு தரம்தான் திறக்கணும். சீக்கிரம் வெச்சுட்டு மூடிடணும்" என்றாள் மீன்கடைக்காரரிடம். பிறகு பெட்டிக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க பெட்டியோட கால்மாட்ட வாசப்பக்கம் திருப்புங்க. பத்தவைக்கும்போது காத்து வேணும். கேஸ நான் பிடிக்கிறேன். பில்டர நீங்க மாத்துங்க. ரெண்டு பேரும் சேர்ந்தா மூணரைக்கு ஓட விட்டுடலாம். அஞ்சு மணிக்குக் கண்ணாடியில பனி நிக்கும். எம்பையன் ஆறு மணிக்கு வருவான்."

"நிக்கலைன்னா?" என்றார் கொழுந்தனார்.

"நிக்கும் தம்பி."

யாரும் தடுக்கவில்லை. பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள்.

பின்னறைக்குப் போய் மெஷினை எடுத்துவந்தாள். இது சின்ன மெஷின், தோளில் மாட்டிக்கொள்ள நாடா வைத்தது. பழைய பெரிய மெஷினைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிவந்தபோது, தனக்கு இடுப்பு வலி தாங்கவில்லை என்று அவர் சொன்னார். ஒரு தோளில் மெஷின், மறு கையில் சிலிண்டர், கக்கத்தில் தராசு என்று அவள் கூடத்துக்குள் வந்ததைப் பார்த்து ஓரத்தில் இருந்த ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம் "இந்தம்மா யாரு?" என்று கேட்டார். "அவர் சம்சாரம்" என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

குழாயைத் துளைத்துக் கேஸை வெளியே எடுக்கிற குத்து வால்வைப் பொருத்தினாள். ஹோஸை மாட்டினாள். சிலிண்டரைத் தராசில் ஏற்றி எண்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோனது.

அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து நாலு மாதமாகத் தொடாத மெஷின். கொழுந்தனார் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கும் என்று யூகித்து, பக்கவாட்டுக் குமிழைத் திருப்பி, இரண்டு பக்கமும் சமமாகும்வரை விரலால் தாளம் போட்டுக் காத்திருந்தாள். பிறகு மறுபடி ஸ்விட்ச். இந்தத் தடவை கடகடவென்று பிடித்துக்கொண்டது.

"வெளிச்சம் பத்தலை" என்றாள்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மகள் போய் அப்பாவின் பையிலிருந்த டார்ச்சை எடுத்துவந்து பக்கத்தில் குந்தினாள். தராசின் எண்கள் ஏறத் தொடங்கின. முப்பது. அறுபத்தைந்து. தொண்ணூறு. மகள் தராசை எட்டிப் பார்த்ததில் வெளிச்சம் சுவருக்குத் தாவியது.

"டார்ச்ச கொஞ்சம் இறக்கிப் பிடி" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் யார் வார்த்தை அது என்று உறைத்தது. கண் நிறைந்தது. புறங்கையால் துடைத்துவிட்டுத் தராசைப் பார்த்தாள்.

நூற்று நாற்பத்திரண்டில் தராசு நின்றது. மெஷினின் அழுத்த மீட்டரில் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து வால்வை அடைத்தாள்.

"இப்ப வெட்டுங்க" என்றாள்.

பெட்டிக்காரர் வெட்டினார். எந்தச் சத்தமும் வரவில்லை. இத்தனை வருடத் தொழிலில் அவர் சத்தமில்லாமல் வெட்டிய முதல் குழாய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கணம் வெட்டிய முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய பில்டரை எடுத்துவிட்டு, அவள் பின்னறையிலிருந்து கொண்டுவந்து உறை பிரித்துக் கொடுத்த புதியதைப் பொருத்திப் பற்றவைத்தார். கை சுத்தமான கை. பற்று மழமழவென்று உட்கார்ந்தது. கணவர் இருந்திருந்தால் அதைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்தது வேக்குவம். குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். நாற்பது நிமிடம். கேஸ் பிடிப்பதையாவது ஒருவர் ஒப்புக்கொள்வார். வேக்குவத்துக்குக் காத்திருக்க யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"ஒரு பத்து நிமிஷம் போட்டா பத்தாதாம்மா?" என்றார் பெட்டிக்காரர்.

"உள்ள ஈரம் இருந்ததாலதானே அடைச்சுது? மறுபடி அடைச்சா, அடுத்து எந்த வீட்டுல நிக்குமோ."

வீட்டுக்கு வீடு பெட்டி கொண்டுபோகிறவருக்கு அது புரியாமலா இருக்கும்?

"நாப்பதுன்னா நாப்பதுதான். நான் பாத்துக்கிறேன்" என்றார் கொழுந்தனார் திடீரென்று. நாற்காலியைப் பம்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மணிக்கட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, "ரெண்டு நாப்பத்தியேழு. மூணு இருபத்தியேழுக்கு நிறுத்தணும்" என்று அறிவித்தார். பிறகு துக்கம் கேட்க வந்தவர்களையெல்லாம், பஸ்ஸை மறிப்பதுபோல் கையைக் காட்டி வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்கவைத்தார். கதவு திறந்து திறந்து மூடினால் வெக்கை உள்ளே வருமாம்.

ஐஸ் பைகளை வைத்துவிட்டு மீன்கடைக்காரர் சுவரோரம் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"எங்கிட்டயும் இப்படித்தான். மீனெல்லாம் நாறப்போகுது, இவர் தராச வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். வெட்டிப் போட்டுடலாமான்னு தோணும் எனக்கு. நீ வந்தப்பதான் தங்கச்சி சட்டுனு முடிச்சே."

அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்புறமா அவரே கேட்டார். என் வீட்டுக்காரி வந்தப்போ எவ்வளவு நேரம் ஆச்சுன்னு. அஞ்சு நிமிஷம், கில்லாடி உங்க சம்சாரம்னேன். மனுஷன் சிரிச்சார். அவளால அந்த மெஷின எப்படித் தூக்க முடியும், என் தப்புதான்னார். என்ன சொல்றார்னே எனக்குப் புரியலை. அந்த மாசம்தானே இந்தச் சின்ன மெஷின் வாங்கினார்?"

"இடுப்பு வலின்னு வாங்கினார்" என்றாள் அவள்.

"இடுப்பு வலியா?" மீன்கடைக்காரருக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த வாரமே எங்க கடை ப்ரீசர ஒத்த ஆளா நகர்த்தினாரே. யார் சொன்னா இடுப்பு வலின்னு?"

மெஷினின் நாடா அவள் மடியில் கிடந்தது. அதை நேர்த்தியாகச் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். மகள் டார்ச்சை அணைக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு இருபத்தியேழு" என்றார் கொழுந்தனார்.

புது கேஸ் எடை பார்த்து ஏற்றப்பட்டது. கம்ப்ரசர் கிளம்பியது. அவள் கையை உள்ளே விட்டுக் காத்திருந்தாள். முதலில் ஒரு குழாய் சுட்டது, பிறகு மற்றொன்று குளிர்ந்தது. கம்பிச் சட்டத்தைப் பழையபடி மாட்டிவிட்டு எழுந்தாள். மூட்டு வலித்தது. பெட்டிக்காரர் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"இத என்னம்மா பண்ணுவீங்க?"

"மையத்துல கொடுப்போம். சுத்தம் பண்ணிக் கொடுப்பாங்க, இல்ல அழிச்சுடுவாங்க. மேல போகாது. அவ்வளவுதான்."

"நூத்தி நாப்பத்திரண்டு கிராமுக்கா?"

"அதுக்குத்தான்."

பெட்டிக்காரர் சிலிண்டரைக் கீழே வைத்தார். போகிறவர் வாசலில் நின்று, "மத்த ரெண்டு பெட்டியும் பழசாயிடுச்சு. அடுத்த மாசம் பிரிக்கணும்னு இருக்கேன்" என்றார். கேட்க வந்ததைக் கேட்காமலே நின்றார்.

"பிரிக்கிறதுக்கு முன்னால போன் பண்ணுங்க. நான் வரேன்" என்றாள் அவள்.

நாலரைக்குக் கண்ணாடியின் ஓரங்கள் மங்கின. ஐந்து மணிக்கு முகம் மறைந்தது. ஒருத்தி எழுந்து, "முகமே தெரியலையே" என்று துடைக்கப் போனாள். "துடைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றார் கொழுந்தனார், எல்லாம் தெரிந்தவர்போல. அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் தடவை.

மகன் ஆறு ஐந்துக்கு வந்தான். பையைக் கூட இறக்கிவைக்கவில்லை. பெட்டியைப் பார்த்தான், கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையை எடுத்து, முகம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு வட்டம் துடைத்தாள். நேற்றுத் தூங்கிப்போனதுபோல் அப்பா இருந்தார். மகன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அவன் மூச்சுப் பட்டு அந்த வட்டம் மெல்ல மூடிக்கொண்டது. அவள் மறுபடி துடைத்துவிட்டாள். மறுபடி. அவன் போதும் என்று நிமிரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஏழு மணிக்கு அவரை எடுத்தார்கள். பெட்டிக்காரரின் வண்டி வந்து பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனது. ஆண்களும் மகளும் கூடவே போய்விட, வீட்டில் ஓரிருவர்தான் மிச்சம். கணவரின் போன் மேசையில் அடித்தது. யாரோ பால் பண்ணைக்காரர், விஷயம் தெரியாதவர், குளிர் அறை வேலை செய்யவில்லை என்றார்.

"தராசு வீடுதான்" என்றாள் அவள். "அவர் இல்லைங்க. நேத்து தவறிட்டார்." எதிர்முனை பதறி ஏதோ சொன்னது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "இல்ல, நான் வருவேன். மூணு நாள் கழிச்சு. ஆனா வழக்கம்போல நேரம் ஆகும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றார் பால் பண்ணைக்காரர்.

அவள் ஒரு அட்டையில் தேதியையும் 142 என்ற எண்ணையும் எழுதிச் சிலிண்டரின் கழுத்தில் கட்டினாள். எந்த மெஷினிலிருந்து எடுத்தது என்று எழுத ஒரு வரி இருந்தது. 'வீடு' என்று எழுதினாள்.

பிறகு ஒரு துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். வாசலை ஒட்டி, கம்ப்ரசருக்கு எதிரே இருந்த சுவர் வெள்ளையாக இருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை. அவள் குந்தி உட்கார்ந்து, அன்று அவர் செய்ததுபோல் மூலையெல்லாம் விடாமல் அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.